ரோய்சாம்புவில் வாடகை மலிவு

கதவுக்கு அடியில் கிடந்த தாளைச் சிமியு இரண்டு முறை படித்தான். அடுத்த மாதம் முதல் வாடகை பதினெட்டாயிரம் ஷில்லிங் இல்லை. இருபத்தொன்று. எழுதியது காவலாளி முட்டுவா. கீழே வீட்டுக்காரி நியோகாபியம்மாவின் கையெழுத்து.

சிமியுவுக்குக் காரணம் தெரியும். அவன்தான் காரணம்.

நான்கு நாட்களுக்கு முன்பு அவன் கட்டுரை இணையத்தில் வந்திருந்தது. மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை பார்ப்பவர்கள் மலிவாக வாழப் பத்து ஊர்கள். லிஸ்பன், சியாங் மாய் என்று ஒன்பது ஊர்களை அவன் பார்த்ததே இல்லை. பத்தாவது அவன் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நைரோபியின் ரோய்சாம்பு. வாடகை மலிவு, அவகாடோ மலிவு என்று எழுதியவன், எழுதிய வேகத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தான்: 'இங்கே வீட்டுக்காரர்களுக்கு இன்னும் விவரம் போதாது.'

இப்போது விவரம் வந்துவிட்டது.

இன்னும் ஏறினால் தாங்காது. சொந்த ஊரான புங்கோமாவுக்குத் திரும்பி அப்பாவின் ஆணிக்கடையில் உட்கார வேண்டியதுதான். "வீட்டுக்குள்ள உக்காந்து தட்டுறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று கேட்ட அப்பா.

பெர்லினில் இருந்த இணைய இதழின் ஆசிரியை ஹெல்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டான்.

"அந்தப் பத்தாவது ஊரை எடுத்துடுங்க."

"ஏன்? அதைத்தான் எல்லாரும் படிக்கிறாங்க."

"அதான் பயமா இருக்கு. நான் எழுதினது தப்பு. இங்க வாழவே முடியாது."

"நீ அங்கதானே இருக்கே?"

"கஷ்டப்பட்டு இருக்கேன்."

"அப்ப அதையே எழுது. பத்து நாள்ல வேணும்."

பத்து நாள் அவன் படி இறங்கவில்லை. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்து, அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து எழுதினான். தண்ணீர் வாரம் இரண்டு நாள்தான். மூன்று தேவாலயங்கள், மூன்று ஒலிபெருக்கிகள். மின்சாரம் நினைத்தால் வரும். நடுநடுவே ஹெல்காவோடு உரத்த குரலில் ஆங்கிலம். கீழே முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நியோகாபியம்மா நிமிர்ந்து பார்த்தார். அவன் கையசைத்தான்.

புதுக் கட்டுரை வந்த வாரமே இரண்டாவது தாள் வந்தது. இருபத்து நான்கு.

சிமியு படியிறங்கி முட்டுவாவைப் பிடித்தான்.

"தண்ணி வராத வீட்டுக்கு இருபத்து நாலா?"

"நான் எழுதுறவன் பாஸ். அம்மா சொல்லுவாங்க, நான் எழுதுவேன். உங்களுக்கு ஹெல்கா மாதிரி எனக்கு அம்மா."

"உனக்கு எப்படி ஹெல்காவைத் தெரியும்?"

"கட்டடத்துக்கே தெரியும் பாஸ்."

இன்னும் கடுமையாக எழுதினால்தான் சரிப்படும் என்று முடிவு செய்தான். ஆனால் மின்வெட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் மின்வெட்டு வந்தது. தவணையில் ஒரு பேட்டரி வாங்கினான். இரண்டு பேர் அதை முற்றத்தின் நடுவே தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் மதியம் மின்சாரம் போனது. அவன் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. அரை மணி நேரத்தில் கட்டடத்தின் கைப்பேசிகள் எல்லாம் அவன் மேசையில் வரிசையாக மின்னூட்டம் ஏற்றிக்கொண்டிருந்தன. கடைசியாக வந்தது நியோகாபியம்மாவுடையது. அவரே எடுத்து வந்தார்.

"நல்லா இருப்பா தம்பி. எவ்வளவு ஆச்சு இந்தப் பெட்டி?"

"அம்பதாயிரம்மா. தவணைதான்."

'அம்பதாயிரம்' மட்டும்தான் அவர் காதில் விழுந்தது போலிருந்தது. இதுதான் சமயம் என்று சிமியு தொடங்கினான்.

"அம்மா, இந்த ஒத்தை ரூமுக்கு இருபத்து நாலு அநியாயம்மா."

"அநியாயமா? மத்த ஊருலெல்லாம் சும்மாவா குடுக்கிறான்?"

"இல்லம்மா, சியாங் மாய்ல இதே மாதிரி ரூம் நாப்பதாயிரம். ஆனா அங்க..."

"நாப்பதா!"

"லிஸ்பன்ல ஒண்ணரை லட்சம். அதை இதோட ஒப்பிட முடியாது. அங்க கடல் இருக்கு, டிராம்..."

தொழில் பழக்கம். நிறுத்த முடியவில்லை. ஏழு ஊர்கள் சொல்லி முடித்தபோது நியோகாபியம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷம் நான் தர்மத்துக்கு வீடு விட்டிருக்கேன்" என்றார்.

மூன்றாவது தாளில் முப்பது என்று இருந்தது.

மாதக் கடைசியில், காலை ஆறரைக்கே சிமியு பெட்டி கட்டினான். பேட்டரியைத் தூக்க முட்டுவா மேலே வந்தான்.

"எங்க போறீங்க பாஸ்?"

"ஆணி விக்க. எல்லாம் அந்தக் கட்டுரையால. எழுதாம இருந்திருந்தா அம்மாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"என்ன கட்டுரை?"

"வாடகை மலிவுன்னு எழுதினேனே. அதைப் படிச்சுத்தானே ஏத்தினாங்க?"

முட்டுவா பேட்டரியைக் கீழே வைத்துவிட்டான். சிரிப்பில் தூக்க முடியவில்லை.

"அம்மா பைபிளைத் தவிர எதையும் படிக்க மாட்டாங்க பாஸ். அவங்க கணக்கே வேற. விடிஞ்சதும் மட்டாட்டு வேன்ல தொங்கிட்டுப் போறவன் ஏழை. பகல்ல அரைக்கால் சட்டையோட வீட்டுல இருக்கிறவன் டாலர்க்காரன்."

எதிர் அறைக் கதவு திறந்தது. ஒடோங்கோ வெளியே வந்தார். தேய்த்த சட்டை, டை, பளபளக்கும் காலணி, கையில் தோல்பை. இருவருக்கும் தலையசைத்துவிட்டு அவசரமாகப் படியிறங்கினார். கீழே நியோகாபியம்மாவின் குரல் கேட்டது: "பாவம், இன்னைக்கும் கெளம்பிட்டியாப்பா? டீ குடிச்சியா?"

"அவருக்கு எவ்வளவு ஏத்தினாங்க?" என்றான் சிமியு.

"ஒரு ஷில்லிங் ஏத்தல."

"எங்க வேலை பார்க்கிறார்?"

முட்டுவா படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வேலை போய் எட்டு மாசம் ஆச்சு பாஸ், சாயங்காலம் வரைக்கும் பூங்கா பெஞ்சுல உக்காந்துட்டு வர்றாரு."