ஹீட்டர் பிளக்கும் அச்சம்பத்து நிறுத்தமும்

செக்கானூரணி,
மார்கழி 17, வியாழக்கிழமை.

பிரியமுள்ள மாப்பிள்ளை சிவக்குமாருக்கு, உன் அக்காள் புருஷன் தவசி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்காள் கனகலட்சுமி, மகள் ரோகிணி, எருமை இரண்டு, அனைவரும் சௌக்கியம். நம் பழைய டீசல் பிக்கப் வண்டிக்குத்தான் சௌக்கியம் போதவில்லை. திருப்பூரில் நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தனிப்பட்ட முறையில் அவசரம் ஒன்றுமில்லை. உன் அக்காள் கேட்கச் சொன்னதால் கேட்டிருக்கிறேன். ஐந்து வருஷமாகப் பேசாத மனுஷன் இப்போது என்னத்துக்கு எழுதுகிறான் என்று யோசிப்பாய். சமாதானம் பேச எழுதவில்லை. வண்டி விஷயமாக ஒரு தகவல், அவ்வளவுதான்.

ரோகிணிக்குத் தை பதினைந்தில் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்திருக்கும், பதில்தான் வரவில்லை. போன வாரம் இவள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "எங்க மாமா அந்த வண்டியில சீரோட வந்து இறங்கணும். என் காதுகுத்துக்கு அதுலதான வந்தாரு? வரலைன்னா நான் மணவறைக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு நிதானமாக ரசத்தை ஊற்றிக்கொண்டாள். உன் அக்காள் என்னைப் பார்த்தாள். நான் எருமையைப் பார்த்தேன். தாய்மாமன் இல்லாமல் பெண்ணுக்கு யார் மாலை எடுத்துக் கொடுப்பது? அதனால் மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கிடந்த வண்டியை முதலில் கிளப்பிப் பார்ப்போம், மாமனைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினேன்.

உனக்குத் தெரியாததில்லை. சாவியை முதல் திருப்பில் நிறுத்திவைத்தால் ஹீட்டர் பிளக் நான்கும் பழுத்து எஞ்சினுக்குள் சூடேற்றும், அந்தச் சூடு இல்லாவிட்டால் மார்கழிக் குளிரில் டீசல் பற்றாது. இருபதுவரை எண்ணிவிட்டுச் சாவியைத் திருப்பு என்று நான் சொல்லிக்கொடுத்தேன். நீ எண்ணவே மாட்டாய். டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, "செக்கானூரணீ... பல்கலைக்கழகம்... புதுக்கோட்டை... அச்சம்பத்து... முடக்குச்சாலை..." என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் இறக்கி ஆள் ஏற்றி, "காளவாசல்!" என்றதும் திருப்புவாய். ஒரே திருப்பு. வெள்ளைப் புகையை ஒரு கக்குக் கக்கிவிட்டு வண்டி உறுமும். பின்னால் மார்க்கெட்டுக்குப் போகிற மல்லிகை ஈரச்சாக்கில் மணக்கும், உன் அக்காள் போர்வைக்குள்ளிருந்து "மெதுவாப் போடா" என்பாள், நிஜமான காளவாசல் வந்ததும் இறங்கி ஆளுக்கொரு டீ குடிப்போம். பதினைந்து வருஷம் அப்படி ஓடியது. இப்போதும் நான் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் "காளவாசல்" என்றால் என் கை தானாகச் சாவியைத் தேடுகிறது. பக்கத்து சீட்டுக்காரர்கள் என் கைக்குப் பயந்து தள்ளி உட்காருகிறார்கள்.

இந்தத் தடவை நானே உட்கார்ந்து நிறுத்தங்களைச் சொன்னேன். காளவாசலில் கிளம்பவில்லை. பெரியார் நிலையம்வரை சொன்னேன், மாட்டுத்தாவணிவரை சொன்னேன், கோபத்தில் மேலூர்வரைக்கும் போய்வந்தேன், கிர்ர் கிர்ர் என்றதே தவிரப் பற்றவில்லை, பேட்டரிதான் படுத்துவிட்டது. அதைச் சார்ஜ் போட்டு வந்து மறுநாள் பார்த்தால், உன் அக்காள் குளிக்க வைத்திருந்த வெந்நீரைக் கொண்டுவந்து, "புள்ளைக்கு ஊத்துற மாதிரி ஊத்துங்க, குளிரு விட்டுப்போகும்" என்று எஞ்சின் தலையில் அவளே ஊற்றிவிட்டாள். குளிர் விட்டதோ என்னமோ, அன்றைக்கு நான் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மலையாண்டி ஆறு பேரைக் கூட்டிவந்து தள்ளினான். பள்ளத்தில் உருண்டு ஊர்ப் பஸ் நிறுத்தத்தில் போய்ப் பஸ் மாதிரியே நின்றது. இரண்டு கிழவிகள் ஏறியும்விட்டார்கள். அவர்களை இறக்கி, சண்டை தீர்த்து, வெயில் ஏறிப் பதினோரு மணிக்கு வெறுப்பில் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது! வெயிலில் கிளம்பி என்ன புண்ணியம்? முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை.

பசுமலை மெக்கானிக் பீமாராவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தவர், "வெயிலுக்கு எடுக்குது, குளிருக்கு எடுக்கலைன்னா மொதல்ல ஹீட்டர் பிளக்கத்தான் பாக்கணும்ண்ணே" என்றார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒழுங்காக எரிகிறதே என்றேன். "அது அது பாட்டுக்கு எரியும். லைட்டு எரியுறது வேற, பிளக்கு பழுக்குறது வேற" என்று சொல்லிவிட்டு, பிளக்குகளின் தலையைச் சேர்த்துக் கட்டியிருக்கும் தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு சின்ன பல்பின் ஒரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறு வயரை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட்டார். நான்கிலும் பல்பு எரிந்தது. "நாலுக்கும் உசுரு இருக்கு." பிறகு என்னைச் சாவி போடச் சொன்னார், ரிலே டக்கென்றது. தகட்டுக்கு வருகிற வயரில் பல்பைத் தொட்டார், அதுவும் எரிந்தது. "கரண்டு வாசல் வரைக்கும் வருது, உள்ள போக மாட்டேங்குது" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார் பார், அப்படியே சொல்கிறேன்: "அண்ணே, இது தகடா, அதிரசமா?"

மாப்ள, அது நான் வைத்த சந்தனம். ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, தராசு, ஸ்டியரிங், டயர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறோமே, வண்டிக்கு உயிர் கொடுக்கிற இந்த நாலு பேருக்கு யார் வைப்பது என்று ஒரு வருஷம் மனசு கேட்காமல் வைத்தேன். ஓட்டத்தில் உதிர்ந்துவிடக் கூடாதே என்று நட்டைக் கழற்றி, தகட்டுக்கு அடியிலும் மேலும் சந்தனம் வைத்து, குங்குமமும் இட்டு, திரும்ப முறுக்கினேன். வருஷா வருஷம் விடாமல் செய்தேன். உள்ளே கரண்டு போக வழியில்லாமல் பச்சை பூத்துக் கிடந்தது. "சாமி கும்புட்டது தப்பா பீமாராவு?" என்று கேட்டேன். "கும்புட்டது தப்பில்லண்ணே. நட்டுக்கு அடியில கும்புட்டதுதான் தப்பு" என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டுப் போனார். இன்று விடியலில் நிறுத்தங்களைச் சொல்லிக் காளவாசலில் திருப்பினேன். ஒரே திருப்பு. புகை வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால் என்றே வைத்துக்கொள்.

அந்தச் சந்தனம் எந்த வருஷம் ஆரம்பித்தது என்று கணக்குப் பார்த்தேன். நீ ஊரை விட்டுப் போன அதே வருஷம்தான். அந்த மார்கழிக் காலையில் வண்டி கிளம்பாமல், மூட்டை மூட்டையாக மல்லிகை வாடிப்போய், பூ ஏற்றிவிட்டவர்கள் அத்தனை பேர் முன்னால் நான் உன்னை, "அச்சம்பத்த முழுங்கிட்டு எண்ணுனா எப்படிடா கெளம்பும்? ஆறு ஸ்டாப்பு சொல்லத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்கு?" என்று கேட்டேன். நீ சாவியைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு முதல் பஸ் ஏறிப் போனாய். ஆக, வண்டி கிளம்பாததற்கு என் சந்தனம்தான் காரணம். ஒப்புக்கொள்கிறேன். இதுதான் நான் சொல்ல வந்த தகவல். ஆனால் நீ அச்சம்பத்தை விட்டது விட்டதுதான். அது வேறு, இது வேறு. திருப்பூர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று நீ அங்கே குடியேறியபோது நான் சொன்ன வார்த்தையும் அப்படியே இருக்கிறது. ஆகவே நீதான் பஸ் பிடித்து வந்து, வண்டியை எடுத்துப் போய்ச் சீர் ஏற்றி வரவேண்டும். வயதில் சின்னவன் நீ. இறங்கி வருவதில் தப்பில்லை.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் முத்தமும். எந்தக் குளிரிலும் ஒரே திருப்பில் கிளம்புகிற உடம்போடு நீங்கள் எல்லோரும் நெடுநாள் இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மச்சான் தவசி.

பி.கு.: வெள்ளிக்கிழமை. மேலே கண்ட கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. இதை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் அழுதுகொண்டு நிற்பவள் உன் அக்காள்தான். நான் உன் தெருவில் வண்டிக்குள் இருக்கிறேன். கீழே இறங்கவில்லை, ஆகையால் வார்த்தை தவறவில்லை. காலையில் வண்டியைக் கிளப்பி எஞ்சினை ஓடவிட்டு, நான் செருப்பு மாட்டிவருவதற்குள், "நல்ல காரியத்துக்குப் போறப்ப வெறுந்தகடாவா போறது?" என்று உன் அக்காள் பானெட்டைத் திறந்து அந்தத் தகட்டில் கைநிறையச் சந்தனத்தை அப்பிவிட்டாள். அதனால் அங்கிருந்து இங்குவரை எஞ்சினை நான் அணைக்கவே இல்லை. அணைத்தால், நீ கோபம் ஆறி வருவதற்குள் அது ஆறிப்போகும். உன் தெருக்காரர்கள் இப்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. அன்றைக்கு நீ அச்சம்பத்து சொன்னாய். என் காதில் நன்றாக விழுந்தது. பூ வாடுகிற வயிற்றெரிச்சலில் யாரையாவது திட்டவேண்டியிருந்தது, நீ பக்கத்தில் இருந்தாய். மன்னித்துக்கொள். சட்டையை மாட்டிக்கொண்டு சீக்கிரம் வா மாப்ள. ஸ்டியரிங்கை விட்டு இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.