உன் வீட்டில் இடமில்லை என்று எழுதவும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் எல்லாமும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வீட்டில் எந்தப் பொருளைப் பற்றியும் அப்படி அடித்துச் சொல்ல முடியாத நிலைமை என்பதால், ஆட்கள் நலம் என்று மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள். உன் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். உன் மருமகள், அதாவது என் மகள், என் போனைத் திறந்து மூடிய நாளிலிருந்து அது ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசுகிறது. நான் கேட்கப்போவதோ மூன்றாம் பேர் காதில் விழக்கூடாத விஷயம், அதிலும் முக்கியமாக அவள் காதில்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பெண்களுக்கென்று சனிக்கிழமைதோறும் ஒரு அறிவியல் பட்டறை ஆரம்பித்திருக்கிறார்கள். பையன்களோடு சேர்ந்து செய்தால் இவர்கள் நோட்டில் படம் வரைகிற வேலையோடு நின்றுவிடுகிறார்களாம், ஸ்குரூடிரைவர் இவர்கள் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறதாம், அதனால் தனியாக. நல்ல விஷயம்தானே என்று நானும் சந்தோஷமாகச் சரியென்றேன். அங்கே சொல்லிக்கொடுக்கிற டீச்சர் முன்பு ஆஸ்பத்திரி மெஷின்களை ரிப்பேர் செய்துகொண்டிருந்தவள். முதல் நாளே, வீட்டில் கெட்டுப்போன பொருள் ஒன்றை எடுத்து வாருங்கள், திறந்து பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. நம் வீட்டில்தான் வம்பு. நான் யார்? இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடுகிறவன். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, வழுக்கி விழுந்த இடுப்பு என்று காலையிலிருந்து மாலைவரை பார்க்கிறவன். அப்படிப்பட்டவன் வீட்டில் கெட்டுப்போன பொருள் எப்படி இருக்கும்? எதுவும் கெடுவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவேன். அவள் வீடு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, கெட்டது எதுவும் கிடைக்காததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேஜை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அது திரும்பி வந்தது. கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி எல்லோரையும் பார்க்கிறது, ஆனால் இறக்கை சுற்றுவதில்லை, காற்றும் இல்லை. எங்கள் மேனேஜர் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் உனக்குப் புரியும். அதோடு விட்டாளா? அடுத்த வாரம் வாசல் அழைப்புமணியைக் கழற்றி, காந்தம் ஒன்றை வைத்து ஃபிரிட்ஜ் கதவோடு இணைத்துவிட்டாள். கதவைத் திறந்தால் மணி அடிக்கும். டாக்டர் எனக்கு இனிப்பு ஆகாது என்று சொல்லியிருப்பதை நீதான் அவளுக்குச் சொன்னாயாம். நான் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் என் மனைவி உள்ளேயிருந்து "யாரு, உள்ள வாங்க" என்கிறாள். வேண்டுமென்றே சொல்கிறாள் என்பது என் சந்தேகம். வாசலுக்கு நிஜமாகவே வருகிறவர்கள் மணி இல்லாமல் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்துத் திரும்பிப் போகிறார்கள்.

அப்புறம் கழிப்பறைத் தொட்டி. தண்ணீர் நிரம்பியதும் தானாக எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மூடியைத் திறந்தாள், மிதவையைக் கழற்றினாள், பார்த்தாள், திரும்ப மாட்டினாள். நாங்கள் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் தண்ணீர் நிற்க மறந்து, குளியலறை நிரம்பி, கீழ்வீட்டுக் கூரை வழியாக, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ரிட்டையர்டு நீதிபதியின் தலையில் சொட்டியிருக்கிறது. குடை பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார் அக்கா, வீட்டுக்குள்ளேயே குடை. நான் வழக்கம்போல, குழாய் பழையது, கட்டடம் பழையது, காரணம் ஆராயப்பட வேண்டியது என்று ஆரம்பித்தேன். இவள் நடுவில் புகுந்து, "நான்தான் தாத்தா. மிதவைக் கம்பிய வளைச்சு மாட்டிட்டேன், அதான் நிக்கல. இப்ப நிமித்திட்டேன்" என்றாள். மனுஷன் குடையை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்காமலே ஒப்புக்கொண்ட ஆளை அவர் வேலை பார்த்த காலமெல்லாம் பார்த்ததில்லையாம். திட்ட வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இப்போது சாயங்காலமானால் ரேடியோ, டார்ச், முகச்சவர மெஷின் என்று எதையாவது கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிடுகிறார், அவர் வீட்டில் கெட்டுப்போன பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

இதெல்லாம் பொருள் சேதம், பொறுத்துக்கொள்ளலாம். எனக்குத் தாங்காதது அவர்கள் அங்கே பழக்கிவிட்டிருக்கிற ஒரு வழக்கம். எதையும் திறப்பதற்கு முன்னால், உள்ளே என்ன கோளாறு என்று வாய்விட்டு ஒரு யூகம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஸ்குரூடிரைவர். யூகம் தப்பாகப் போனால் அதைச் சின்னச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும், எல்லோரும் கைதட்டுவார்களாம். பெற்றோரைக் கூப்பிட்ட அன்று போய்ப் பார்க்கிறேன், சுவரில் பாதி இவளுடைய கையெழுத்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சரைத் தனியே கூப்பிட்டு, இவ்வளவு பின்தங்கியிருக்கிறாளே, வீட்டில் ஏதாவது டியூஷன் வைக்கட்டுமா என்று கேட்டேன். அந்த டீச்சர், "சார், மத்தவங்க யூகிச்சதவிட அவ அதிகமா யூகிக்கிறா, அவ்வளவுதான்" என்று சொல்லி என் கையில் எரியாத டார்ச் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாப் பெற்றோருக்கும் ஆளுக்கொரு டார்ச். ஏன் எரியவில்லை என்று பிள்ளைகள் முன்னால் யூகம் சொல்ல வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் பல்பு போய்விட்டது என்றார், தப்பு. பஸ் டிரைவர் ஒருவர் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது என்றார், அதுவும் தப்பு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதி ஒட்டினார்கள், அவர்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் முறை வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போதிய விவரம் இல்லாமல் கருத்துச் சொல்வதற்கில்லை" என்றேன். ஆபீஸில் என் அறிக்கை எல்லாம் இப்படித்தான் முடியும், பழக்க தோஷம். எல்லோரும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். இவள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டார்ச்சை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அவளே திறந்தாள். ஸ்பிரிங்கில் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நடந்து வரும்போது கேட்டாள்.

"ஏம்பா நீங்க எதுவுமே சொல்லல?"

"தப்பாப் போயிட்டா என்ன பண்றது?"

"இன்னொண்ணு சொல்லலாம்ல?"

அவள் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு வழியை எனக்குக் காட்டுகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். நான் சிரித்து மழுப்பி, ரோட்டைப் பார்த்து நட என்றேன்.

போன மாதம் கட்டைவிரலில் கட்டோடு வந்தாள். ஈயம் பற்றவைக்கிற கம்பி சுட்டுவிட்டதாம். சுட்டதும் விரலைத் தண்ணீரில் காட்டியிருக்கிறாள், டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள், மிச்ச வேலையையும் முடித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு ஏன் போன் பண்ணவில்லை என்று கத்தினேன். "நீங்க பயப்படுவீங்கன்னு யூகிச்சேன்பா" என்றாள். பார், ஊரில் எல்லாவற்றையும் தப்பாக யூகிக்கிறவள் இதை மட்டும் சரியாக யூகித்திருக்கிறாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது முள் குத்தினால்கூட என்னிடம்தான் ஓடி வருவாள். மழை ஏன் வருகிறது, நாய் ஏன் குரைக்கிறது என்று எதைக் கேட்டாலும் என்னைத்தான் கேட்பாள், நானும் வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிப்பேன். இப்போது நான் ஏதாவது கேட்டால், "நீங்க மொதல்ல என்ன நெனக்கிறீங்க, சொல்லுங்க" என்கிறாள். நான் பேந்தப் பேந்த விழிக்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவளுக்கு அடிபடுமோ என்று பாதி. மீதி என்னவென்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வளர்ந்துகொண்டிருக்கிறாள், நான் வாசலில் நிற்கிறேன், அப்படி ஒரு பயம்.

இப்போது சங்கதி என்னவென்றால், விடுமுறையில் ஒரு வாரம் உங்கள் ஊரில் பெரிய பட்டறை நடக்கிறது. பல பள்ளிகளிலிருந்து பெண்பிள்ளைகள் வந்து, காற்றில் சுற்றித் தண்ணீர் இறைக்கிற பம்பு ஒன்றைத் தாங்களே செய்யப்போகிறார்களாம். வெட்டுவது, துளைபோடுவது, ஏணியில் ஏறி மாட்டுவது எல்லாம் இவர்களே. ஏணி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நான் பார்த்த அத்தனை இடுப்பு எலும்பும் கண்முன்னால் வந்தது. இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விடுதியில் இடம் நிரம்பிவிட்டது, அந்த ஊரில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே தங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இவள் உடனே, எங்க அத்தை இருக்காங்க என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை, அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். என் மனைவி ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே, "உங்க அக்கா என்ன சொல்லுவாங்கன்னு ஊருக்கே தெரியுமே" என்றாள். நர்ஸாக இருப்பவளுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே பயமில்லை, ஏணிக்கா பயப்படப்போகிறாள்?

ஆகவே அக்கா, நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். உன் வீட்டில் இடமில்லை என்று எனக்கு ஒரு பதில் எழுது. நாலு அறையில் நீ ஒரே ஆளாக இருப்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், போன தடவை வந்தபோது நாலையும் டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் வந்தாள். அதனால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன், சாமானெல்லாம் நடுவீட்டில் கிடக்கிறது என்று எழுது. உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதிவிடாதே, என் மனைவி லீவு போட்டுவிட்டு, கையோடு இவளையும் கூட்டிக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொள்ள வந்து நிற்பாள். வருத்தப்படுகிற மாதிரி இரண்டு வரி சேர்த்துக்கொள். அடுத்த வருஷம் கட்டாயம் வா என்று எழுது, அடுத்த வருஷத்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம். நீ சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் சொன்னால் டார்ச் கொடுத்த அன்று மாதிரி குனிந்து மேஜையைப் பார்ப்பாள், அது என்னால் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. தூரத்தில் இருந்தாலும் உன் சொல்லே இந்த வீட்டுக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டிருக்கிற,

உன் அன்புத் தம்பி

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் உன் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தேன், இவள் வந்துவிட்டாள். உறையைப் பார்த்ததும், "அத்தைக்கா? நெஜமாவே எழுதிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லையே. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள் அக்கா. "நீங்க கேக்கவே மாட்டீங்க, எதாவது சாக்கு சொல்லி என்ன அனுப்பாம இருந்துடுவீங்கன்னுதான் நெனச்சேன்பா. தப்பா நெனச்சுட்டேன்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து சிரித்தாள். தப்பாக நினைத்ததில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை. அவள் நினைத்தது சரிதான் என்பது இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அது தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மேலே உள்ளதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. தபால்பெட்டியில் தானே போடுவதாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், இதை அவசரமாகக் கிறுக்கி உறைக்குள் நுழைத்து ஒட்டப்போகிறேன். விடுமுறை விட்ட மறுநாள் காலை ரயிலுக்கு வருகிறாள், ஸ்டேஷனுக்கு நீயே நேரில் வா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு, அவள் கண்ணில் பட வேண்டாம். ஏணி விஷயத்தில் அவளிடம் ஒன்றும் சொல்லாதே, கீழே நின்று பார்த்துக்கொண்டிரு போதும். உன் தையல் மெஷினை மட்டும் அவள் வருவதற்கு முன்னால் அறையில் வைத்துப் பூட்டிவிடு.

வேண்டாம், பூட்டாதே. ஒரு ஸ்குரூடிரைவரையும் பக்கத்தில் எடுத்து வை.