பன்றித் தலையில் கை வைத்த மருமகன்

மதிப்பிற்குரிய மாமியார் குன்வோர் அம்மாள் அவர்களுக்கு, மருமகன் எய்ன்ரித், கிழக்கு மலை உச்சியிலிருந்து தலைக்கவசத்தைக் கழற்றி வைத்து வணங்கி எழுதிக்கொண்டது. கழற்றியது மரியாதைக்காக மட்டும் அல்ல, அதை மாட்டிக்கொண்டால் அடிக்கடி பின்பக்கமாகத் திரும்பிவிடுகிறது, எழுதுவது தெரியவில்லை. இவ்விடம் நானும் குதிரையும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் தங்கள் முழங்கால், தேனீக்கள், என்மேல் கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட என் மனைவி தோர்டிஸ், எல்லாரும் நலந்தானே?

அவள் பக்கத்து நியாயத்தை இந்நேரம் அடுப்படியில் வைத்து விலாவாரியாகச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். குளிர்கால விருந்தில் ராஜா ஹெமிங் எழுந்து நின்று, "கிழக்கு மலை டிராகன் வாயிலேர்ந்து ஒரு பல்லு கொண்டார எவனுக்குத் தைரியம் இருக்கு?" என்று கேட்கிற நேரம் பார்த்துத்தானா நான் கையை நீட்ட வேண்டும்? சுட்ட பன்றியின் தலையில் கை வைத்தவன் சபதம் எடுத்தவன் என்பது நம் நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா. ஆனால் காதுக்குப் பின்னால் மொறுமொறுவென்று ஒரு துண்டுத் தோல் இருந்ததம்மா, அதையே வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், ராஜா பேசியது காதில் விழவே இல்லை. தோலைப் பிய்க்கக் கை வைத்தேன், சபையே எழுந்து ஆர்ப்பரித்தது, எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நானும் சேர்ந்து ஆர்ப்பரித்தேன். அந்தத் தோலையும் கடைசியில் பக்கத்தில் இருந்தவன் தின்றுவிட்டான்.

வசந்த விருந்துக்குள் பல்லோடு வராவிட்டால் நானும் என் குடும்பமும் ஆயுசுக்கும் கடைசிப் பலகையில், பன்றி மேய்ப்பவர்களுக்கும் கீழே, கதவிடுக்குக் காற்றில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். தோர்டிஸ் அழவில்லை, பாத்திரம் எதையும் உடைக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. "ஒரு துண்டுத் தோலுக்கு ஆசைப்பட்டு மானத்தைத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கியே மனுஷா. பல்லோட வந்தா என்னைக் கூப்பிட வா. இல்லேன்னா எங்கம்மா வீட்லயே நான் கிடந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் குதிரை ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் தங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

காலஞ்சென்ற மாமாவின் கவசத்தைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமா இருந்த உடம்பென்ன, நான் இருக்கிற உடம்பென்ன. உள்ளே நான் ஒரு பக்கம் திரும்பினால் அது இன்னொரு பக்கம் பார்க்கிறது. வழியெல்லாம் மழை, கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி இடுப்புவரை நிரம்பி, நடந்தால் களக் களக்கென்று சத்தம். கல்பாலத்தில் பூதம் மறித்துக்கொண்டு கவசத்தைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஆள் இருக்கா, இல்ல சும்மா நடந்து வருதா?" என்று கேட்டது. இருக்கிறேன் என்றேன். "குரலைப் பார்த்தா இல்லாத மாதிரிதான் இருக்கு, போ" என்று விட்டுவிட்டது. பாலத்துப் பூதத்தையே வென்று வந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், தாங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். குகைக்குள் போனேன், டிராகன் தலையைத் தூக்கியது, தலை மட்டுமே நம் வைக்கோல் கொட்டகை அளவு இருக்கும். சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் வம்சம் சொல்ல வேண்டும், சொல்லும்போது இடையில் உறவு வந்துவிட்டால் வாளை உறையில் போட வேண்டும் என்ற முறை இருக்கிறதே, அதன்படி ஆரம்பித்தேன். பயத்தில் என் அப்பன் பேரே எனக்கு மறந்துவிட்டது. வாயில் வந்ததெல்லாம் தங்கள் வம்சம்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு விருந்திலும் சூப்பு ஆறும்வரை தாங்கள் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவேன் அல்லவா. அப்படியே ஒப்பித்துக்கொண்டே போனேன், தங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா ரோக் பேர் வந்ததும் டிராகன் புகை விடுவதை நிறுத்திவிட்டது.

"எந்த ரோக்கு? ஒத்தைக் காது ரோக்கா?"

"ஆமாங்க."

"அடப்பாவி, எங்கம்மா முட்டைக்குள்ள இருந்தப்ப, குளிர்ல உறைஞ்சு போகாம அவருதானய்யா தன் வீட்டு அடுப்புக்குள்ள வெச்சுக் காப்பாத்துனாரு. எங்கம்மாவுக்கு வளர்ப்பு அப்பன்யா அவரு. அப்ப குன்வோரு எனக்கு அக்கா முறைல்ல ஆகுது. நீ யாரு, குன்வோரு மகளைக் கட்டுனவனா?"

"ஆமாங்க."

"மாப்பிள்ளையா! இதை வாசல்லயே சொல்லக் கூடாதா, நான் பாட்டுக்கு உன்னை வறுக்கலாமா அவிக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேனே. உக்காருங்க மாப்பிள்ளை."

இதன் பெயர் ஸ்மோர்னா. தங்களுக்குத் தங்கை முறை, எனக்குச் சின்ன மாமியார். ஒரு மாமியார் உள்ளவன் படுகிற சந்தோஷமே எனக்குத் தாங்கவில்லை, இப்போது இரண்டு. மாப்பிள்ளைக்கு விருந்து என்று ஒரு முழு எருதைச் சுட்டு முன்னால் வைத்து, கூச்சப்படாம சாப்பிடுங்க என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. நனைந்த துணியைக் காயவைக்கிறேன் பேர்வழி என்று லேசாக ஊதியதில் என் கால்சட்டை சாம்பலாகிவிட்டது. மாமாவின் இடுப்புக் கவசத்தைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பல்லைக் கேட்டேன் அம்மா, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கடவாயில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லைக் காட்டி, அதுவாவது தரலாமே என்றேன். "கூரான பொருளை உறவுக்காரங்களுக்குக் குடுத்தா உறவு அறுந்து போயிடும் மாப்பிள்ளை, இது தெரியாமலா எங்கக்கா உங்களுக்குப் பொண்ணு குடுத்தா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. சண்டை போட முடியாது, கேட்டும் வாங்க முடியாது, திருடலாம் என்றால் அது வாயைத் திறந்து தூங்குவதில்லை. ஆகவே வெறுங்கையோடு வரப்போகிறேன். தோர்டிஸிடம் பதமாக எடுத்துச் சொல்லுங்கள். கதவோரம் என் மேலங்கியை மறைப்பாகக் கட்டி அவளுக்குக் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அவள் இல்லாத வீட்டில் எந்தப் பலகையில் உட்கார்ந்து நான் என்ன சாப்பிடப் போகிறேன், அவளை அனுப்பி வையுங்கள், தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கள் தேனீக்கள் பெருகவும், தங்கள் முழங்கால் மாடி ஏறவும், தங்கள் வம்சம் இன்னும் நீண்டு அதை நான் விருந்துதோறும் கேட்கவும் வேண்டிக்கொள்ளும்,
மருமகன் எய்ன்ரித்.

பி.கு.: மேலே எழுதியது அத்தனையையும் மறந்துவிடுங்கள். "என் மகள் இங்கே வரவே இல்லையே, இவன் என்ன உளறுகிறான்" என்று தாங்கள் பதறியிருப்பீர்கள். அவள் தங்கள் வீட்டுக்குப் புறப்பட்டவள்தானாம், ஆற்றுப் பிரிவுவரை கோபம் இருந்ததாம், அதற்கப்புறம் என்னை நினைத்துப் பயம் வந்து குதிரையை மலைப்பக்கம் திருப்பிவிட்டாளாம். மழையில் வழி தப்பி அலைந்து சற்றுமுன்தான் வந்து சேர்ந்தாள். கையில் விறகுக் கோடாலி. குகை வாசலில் நின்று, "என் புருஷனை வெளியே துப்புடி" என்று போட்ட சத்தத்தில் குதிரை ஓடிவிட்டது.

"துப்புறதுக்கு நான் வாய்லயே போடலையே தாயி," என்றது ஸ்மோர்னா. "நீதான் தோர்டிஸா? வந்ததுலேர்ந்து இந்த ஆளு வாயில உன் பேருதான். உள்ள வா, நான் உனக்குச் சித்தி."

என்னைப் பார்த்ததும் முதலில் ஒரு அடி, அப்புறம்தான் அழுகை. பல்லு கிடைக்கவில்லை என்றேன். "பல்லு கிடக்குது போ. கடைசிப் பலகைன்னா குளிரும், அவ்வளவுதானே. நீ பக்கத்துல இருந்தாப் போதும்" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது அம்மா, இடுப்புக் கவசத்தோடு நின்று அழுதேன்.

எந்தப் பலகை, என்ன பலகை என்று சித்தி துருவித் துருவிக் கேட்டது, சொன்னோம். "குடும்பத்தோட உக்காரணும்னுதானே சட்டம்? அப்ப நானும்தானே குடும்பம்?" என்று எழுந்து இறக்கையில் இருந்த கரியைத் தட்டிவிட்டுக்கொண்டது. நாளைக் காலை மூன்று பேரும் ராஜாவின் வசந்த விருந்துக்குப் புறப்படுகிறோம். சித்தியின் முகத்தைப் பார்த்து, போய்க் கதவோரம் உட்கார் என்று ராஜா ஒரு வார்த்தை சொல்லட்டும், நாங்கள் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொள்கிறோம்.