ஐந்தாவது சட்டத்தில் அன்புச்செல்வன்

தன் வெப்சைட்டைப் பற்றிப் பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தைகூடக் கருத்துக் கேட்பதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அன்புச்செல்வன் சபதம் எடுத்தார். பல் விளக்கிக்கொண்டே எடுத்த சபதம். வாய் நிறைய நுரை. பக்கத்தில் நின்றவர்களுக்கே புரிந்திருக்காது. ஆனால் அடுப்படியில் இருந்த அம்சவள்ளிக்குக் கேட்டுவிட்டது. அந்தம்மாவுக்கு அவர் மனசுக்குள் நினைப்பதே பாதி நேரம் கேட்டுவிடும்.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் 'அன்பு பிரேம் ஒர்க்ஸ்' இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் பட்டறை. சாமி படம், கல்யாணப் படம், பிள்ளைகள் வாங்கிய சான்றிதழ், காலமானவர்களின் படம், எது வந்தாலும் சுற்றிலும் மரச்சட்டம், முன்னால் கண்ணாடி, பின்னால் அட்டை. அளவெடுப்பது, சட்டம் அறுப்பது, கண்ணாடி வெட்டுவது, மூலை சேர்ப்பது, ஆணி அடிப்பது எல்லாம் பட்டறையில் நின்றபடி அம்சவள்ளி. மீதி வேலை அன்புச்செல்வனுடையது. மீதி வேலை என்றால், கடை முகப்பில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது, அதில் உட்காருவது.

அந்த நாற்காலியில் அம்சவள்ளிக்கு ரொம்ப நாளாக ஒரு கண். இருபத்திரண்டு வருஷமாக நின்று நின்று சாயங்காலமானால் அந்தம்மா கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். கொஞ்ச நேரம் உட்காரலாமே என்று எழுந்து வந்தால், "ஓனர் சீட்டு" என்பார் அன்புச்செல்வன், நகராமல்.

"இன்னாங்க, அந்த வெப்சைட்ட எனக்கும் ஒரு தபா காட்டுங்களேன்" என்றாள் அம்சவள்ளி, காபியை நீட்டிக்கொண்டே.

"உனக்கு எதுக்கு?"

"பாக்கத்தான்."

"பாத்தா கருத்து சொல்லுவ."

"சொன்னா இன்னா, குத்தமா?"

"கருத்துன்னா தொழில்காரங்க சொல்லணும். குரூப்புல அம்பத்தேழு பேரு இருக்காங்க. அவங்க கிட்ட கேட்டுக்கறேன்."

"அப்ப நான் இருவத்திரண்டு வருஷமா மரத்தூள தின்னுக்கினு இருக்கேனே, அது இன்னாங்க?"

"அது ஒத்தாசை. தொழில் பண்றது நானு."

அம்சவள்ளி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

"சரிங்க. நேத்து உங்க போனு சார்ஜுல கெடந்துச்சு, நான் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். அந்த அஞ்சாவது படத்துல..."

"மூச்!"

"இல்லீங்க, அந்த அஞ்சாவது..."

"மூச்சுன்னா மூச்சு! தொழில்ல இல்லாதவங்க கருத்து எனக்கு வாணாம்."

அம்சவள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டம் அறுக்கும் முன் மரத்தை ஒரு கண் மூடிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அப்படியா? ஒரு பந்தயம் வெச்சிக்கலாமா? அந்த அம்பத்தேழு பேருல ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, ஒரு கொறை சொன்னாலும் அந்த சேரு எனக்கு. யாரும் சொல்லலன்னா சாவுற வரைக்கும் உங்க வெப்சைட்ட பத்தி நான் வாயத் தொறக்கல."

சாவுற வரைக்கும் அம்சவள்ளி வாயைத் திறக்காமல் இருப்பது என்பது கள்ளக்குறிச்சியில் யாருக்கும் கிடைக்காத பரிசு. அன்புச்செல்வன் உடனே கையடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த அம்பத்தேழு பேர், மாவட்டத்தில் படச்சட்டக் கடை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப். அட்மின் தியாகதுருகம் ஷேக் மைதீன். ஆனால் குரூப்புக்கு விதி எழுதியது அன்புச்செல்வன். ஒருவர் தன் மச்சானைச் சேர்க்க, மச்சான் நாள் தவறாமல் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட, கடுப்பாகி இவர் எழுதிய விதி: ஒரு கடைக்கு ஒரு நம்பர்தான். கடைக்காரர் காலமானால் அவர் நம்பரை எடுத்துவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளும் வாரிசின் நம்பரைச் சேர்க்க வேண்டும். எழுதிய அன்று ஐம்பத்தாறு கட்டை விரல் வந்தது. அந்தப் பெருமையில் இரண்டு நாள் தூங்கவில்லை.

வெப்சைட்டையும் அப்படித் தூக்கம் கெட்டுத்தான் செய்தார். போனைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டு, நாற்பத்தொரு நாள். விரத நாள் கணக்கு. ஆறு விதச் சட்டத்துக்கு ஆறு மாதிரிப் படம் வேண்டியிருந்தது. ஊரான் படத்தைப் போட்டால் சண்டைக்கு வருவான். ஆகவே ஆறிலும் தன் படத்தையே போட்டார். கல்யாணச் சட்டத்தில் அவர். பக்கத்தில் அம்சவள்ளி இருந்தாள், திரையில் அடங்காததால் மல்லிகைப்பூ மட்டும் தெரிந்தது. பட்டமளிப்புச் சட்டத்தில் அவர். பத்தாவது தேறாதது படத்தில் தெரியாது. சாமிப் படச் சட்டத்தில்கூட அவர்தான், பாதி கண்ணை மூடியபடி.

ஐந்தாவது, நினைவுப் படச் சட்டம். ரோஜா மாலை, மேலே சிவப்பு மின்விளக்கு, கீழே 'தோற்றம்', 'மறைவு'. தோற்றத்துக்குப் பிறந்த தேதியைப் போட்டார். மறைவுக்கு நேரே காலியாக விட்டால் மாதிரி முழுசாக இருக்காதே என்று யோசித்து, வெப்சைட் திறப்பு விழா தேதியைப் போட்டார். இருபத்திரண்டு வருஷமாக ஆயிரக்கணக்கான படத்துக்கு அந்த வரியைப் போட்டுப் பழகிய மனுஷர். அவருக்கு அது கண்ணாடி, ஆணி மாதிரி ஒரு சாமான். அம்சவள்ளிக்குத் தெரியக் கூடாது என்று அந்தச் சட்டத்தை அவரே அறுத்து, அவரே மூலை சேர்த்தார்.

பந்தயம் போட்ட அன்று சாயங்காலம் ஷேக் மைதீன், திருநாவலூர் கவியரசன் உட்பட முக்கியமான ஐந்து பேருக்குப் போன் போட்டார். திருட்டுத்தனம்தான். ஆனால் நாற்காலி ஆச்சே.

"பாய், நாளைக்குக் காலையில குரூப்புல ஒண்ணு வரும். பாத்துட்டு என்னப் பத்தி நாலு நல்ல வார்த்தை போட்டுடுங்க. கொறை எதுவும் சொல்லிடாதீங்க."

"இன்னா விஷயம் அன்பு?" என்றார் ஷேக் மைதீன்.

"இப்ப சொல்ல மாட்டேன். நாளைக்குத் தெரியும். அதிர்ச்சியாயிடுவீங்க."

மறுநாள் புதன்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லிங்க்கைக் குரூப்பில் தட்டிவிட்டார். லிங்க் அனுப்பினால் அதன் தலைமேல் ஒரு படம் தானாக வந்து உட்காரும். ஆறில் எதை உட்கார வைப்பது என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை.

முதலில் ஒரு கும்பிடு வந்தது. பிறகு இன்னொரு கும்பிடு. ஐந்து நிமிஷத்தில் பதினேழு கும்பிடு.

"ஏய் அம்சா! கும்பிடறானுங்கடி! வெப்சைட்ட பாத்துட்டுக் கையெடுத்துக் கும்பிடறானுங்க!"

"கும்பிடுவாங்க, கும்பிடுவாங்க" என்றாள் பட்டறையிலிருந்து.

அடுத்து அழுகிற மூஞ்சி வந்தது. ஒன்பது மூஞ்சி.

"ஆனந்தக் கண்ணீரு!"

"தொடைச்சிக்கச் சொல்லுங்க."

அப்புறம் ஷேக் மைதீன் எழுத்தில் வந்தார். 'நேத்து சாயங்காலம்தான் போன்ல பேசினார். என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை போடுங்க பாய், நாளைக்குத் தெரியும்னு சொன்னார். அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. ஆழ்ந்த இரங்கல்.'

அன்புச்செல்வன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தார். இரங்கல்தான். மேலே ஏற்றினார். தன் லிங்க்கின் தலைமேல் தானே மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். இன்றைய தேதியோடு. ஒருத்தர்கூட லிங்க்கைத் தொடவில்லை. தொடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? பார்த்தவுடன் விளங்கிவிட்டதே.

அடுத்தது திருநாவலூர் கவியரசன். 'அண்ணன் மறைவு தாங்க முடியாத இழப்பு. சட்டத்தில் கீழ் வலது மூலை ஒரு நூல் அளவு பிரிஞ்சி நிக்குது. அண்ணன் இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டார்.'

வாய் திறந்தது. மூடவில்லை. கை, கால், நாக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. அந்த நேரம் பார்த்து அம்சவள்ளியின் போன் அடித்தது. அவள் மரத்தூளை உதறிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, நான் ஷேக் மைதீன் பேசறேன். இன்னாம்மா இது, அன்பு..."

அம்சவள்ளி புருஷனைப் பார்த்தாள். பிளந்த வாயோடு சிலையாகி இருந்தார். "அவரு இப்ப பேசற நெலமையில இல்லீங்க பாய்" என்றாள். பொய் இல்லை.

"எப்படிம்மா திடீர்னு?"

"எனக்கே அவரு போட்ட தேதிய பாத்துத்தான் தெரியும்." அதுவும் பொய் இல்லை.

"யா அல்லா! இனிமே கடைய யாரும்மா பாத்துக்குவாங்க?"

"யாரு பாக்கறது? நான்தான். இத்தினி நாளும் நான்தானே பாத்தேன்."

"அழுவாத தங்கச்சி. உன் நம்பர குரூப்புல சேத்துடறேன். நானும் கவியரசனும் கெளம்பி வந்துக்கினே இருக்கோம்."

போன் வைத்த பிறகுதான் அன்புச்செல்வனுக்குக் கை வந்தது. 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று தப்பில்லாமல் தட்டி, அனுப்பப் போனார். போகவில்லை. நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள் என்றது போன். பாய்க்குப் போன் போட்டார். எடுத்த பாய் இவர் குரலைக் கேட்டதும் பேயைக் கண்டவர் மாதிரி "லா ஹவ்ல" என்று அலறி அணைத்துவிட்டார்.

"அடிப்பாவி! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உயிரோட இருக்காருன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன், நேத்திக்கு. அஞ்சாவது படம்னு ரெண்டு தபா சொன்னேன். மூச்சுன்னீங்க." அவள் குரல் சட்டென்று மாறியது. "நெத்தியில பொட்டு வெச்சிக்கினு, கழுத்துல தாலி போட்டுக்கினு, குத்துக்கல்லு மாதிரி உள்ள நிக்கறேன். நீங்க பாட்டுக்கு உக்காந்து தேதி போட்டிருக்கீங்க. ராத்திரியெல்லாம் நீங்க மூச்சு வுடறீங்களா, இல்லையான்னு பாத்துக்கினு கெடந்தேன் நானு."

அன்புச்செல்வன் நாற்காலியைக் கொஞ்சம் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரத்தில் ஷேக் மைதீனும் கவியரசனும் வந்து இறங்கினார்கள். கவியரசன் கையில் ஆள் உயரத்துக்கு மாலை. வாசலில் செருப்பைக் கழற்றி, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து, "அண்ணி..." என்று விம்மி நிமிர்ந்தால், நாற்காலியில் அண்ணன் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

கவியரசன் மாலையோடு சரிந்தான். பாய் அவனைப் பிடித்தார். பாயைப் பிடிக்க ஆள் இல்லாததால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அன்பு... நீ... இருக்கியா?"

"இருக்கேன் பாய். அது வெப்சைட்டு. மாதிரிக்குப் போட்ட படம்."

"மாதிரிக்கா! தேதியெல்லாம் போட்டுக்கினா! அப்ப நேத்து நாலு நல்ல வார்த்தை போடுங்க, கொறை சொல்லாதீங்கன்னு கெஞ்சினியே, அது?"

அன்புச்செல்வன் மோர் டம்ளருக்குள் முகத்தை மறைக்கப் பார்த்தார். டம்ளர் சின்னது.

"ஓ" என்றாள் அம்சவள்ளி. "என் கிட்ட பந்தயம் போட்டுட்டு அம்பத்தேழு பேரு வாயயும் முன்கூட்டியே கட்டிட்டீங்களா?"

"அஞ்சு பேரு வாயத்தான்."

"அதுல ஒண்ணு அவுந்துடுச்சு." அவர் போனை வாங்கி, மேலே ஏற்றி, நிதானமாக வாசித்தாள். "கீழ் வலது மூலை ஒரு நூல் அளவு பிரிஞ்சி நிக்குது. ஏன் தம்பி கவியரசா, இது கொறையா, நெறையா?"

"கொறைதாங்க அண்ணி" என்றான் கவியரசன், மாலைக்கு அடியிலிருந்து.

அன்புச்செல்வன் எழுந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்தார். அம்சவள்ளி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஒரு சுற்று சுற்றினாள். காலைத் தூக்கி மேசையின் கீழ்க்கட்டையில் வைத்தாள்.

"சரி பாய், என் நம்பரத் திரும்ப குரூப்புல சேத்துடுங்க" என்றார் அன்புச்செல்வன், நின்றபடி.

பாய் தாடியைத் தடவினார். "எப்படி அன்பு? ஒரு கடைக்கு ஒரு நம்பர்தான். தங்கச்சி நம்பரு ஏறிடுச்சே."

"நான்தான் உயிரோட இருக்கேனே!"

"அதுக்கு விதியில எடமில்லையே. செத்தா எடுக்கணும்னுதான் எழுதியிருக்க. எழுந்து வந்தா சேக்கணும்னு எழுதல."

வாங்கி வந்த மாலையைத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது என்று கவியரசன் அதை நாற்காலியின் முதுகில் சாத்திவிட்டுப் போனான். அவர்கள் போனதும் அம்சவள்ளி புருஷனைக் கூப்பிட்டாள்.

"இப்ப நானும் தொழில்காரிதானே? குரூப்புலயே இருக்கேன். கருத்து சொல்லலாமா?"

"சொல்லு" என்றார். வேறென்ன சொல்வார்.

"மொதல்ல அந்த மறைவுத் தேதிய எடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னால. அப்புறம் கல்யாணப் படத்துல என் மூஞ்சியப் போடுங்க."

அவர் தேதியை எடுத்து முடித்தபோது அவள் போன் அடித்தது. வெள்ளிமலையிலிருந்து யாரோ. பாய் காலையிலேயே ஊரிலுள்ள எல்லாக் குரூப்புக்கும் அந்தப் படத்தோடு இரங்கலை அனுப்பி, கீழே தொடர்புக்கு என்று அம்சவள்ளி நம்பரையும் போட்டிருந்தார்.

"அண்ணனப் பத்தி கேள்விப்பட்டோம்ங்க, மனசே சரியில்ல. எங்கப்பா படத்துக்கும் அதே மாதிரி சட்டம் ஒண்ணு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவுமா?"

"ஆவும்ங்க. அண்ணன் நல்லாத்தான் இருக்காரு, நீங்க வெசனப்படாதீங்க. அவருதான் செய்யப் போறாரு" என்றாள் அம்சவள்ளி.

நாற்பத்தொரு நாள் பாடுபட்டதற்கு முதல் ஆர்டர். அன்புச்செல்வன் பட்டறைக்குள் போனார். மரத்தை அளந்தார், அறுத்தார், மூலைக்குப் பசை வைத்தார். மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மினார். கால் வலித்தது. கடைசியில் சட்டத்தைக் கொண்டுவந்து நாற்காலிக்கு முன்னால் நீட்டினார்.

அம்சவள்ளி ஒரு கண்ணை மூடிக் கீழ் வலது மூலையைப் பார்த்தாள். விரலால் தடவினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"பிரிச்சி ஒட்டுங்க. அண்ணன் இருந்திருந்தா இப்படி வுட்டிருக்க மாட்டாரு."