பெல்மீராவைப் பற்றி மூச்சு விடாதே

"கையை வை. குழந்தை யேசு தலையில கையை வச்சுச் சொல்லு" என்றாள் ரோசெண்டா.

கிரிஸ்புலோ வைத்தார். மேடையில் இருந்த சிலை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னைக்கு மாப்பிள்ளை வீட்டார் கிளம்புற வரைக்கும் கப்பலைப் பத்திப் பேச மாட்டேன்."

"பேரைச் சொல்லு. நீ சந்துல புகுந்து ஓடுற ஆளு."

"பெல்மீராவைப் பத்திப் பேச மாட்டேன்."

"மத்த கப்பலுங்க?"

"மத்ததைப் பத்தி என்னத்தப் பேசறது? அதெல்லாம் கப்பலா?" என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்து, "எதைப் பத்தியும் பேச மாட்டேன்" என்று முடித்தார்.

ரோசெண்டா காரணமில்லாமல் இவ்வளவு தூரம் போகவில்லை. போன வருஷம் மகள் மெர்லியைப் பெண் கேட்டு ஒரு நல்ல குடும்பம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம். கிரிஸ்புலோ அவர்களை உட்கார வைத்து, தான் முதன்முதலாக அறை சுத்தம் செய்யப் போன பெல்மீரா என்ற கப்பலின் அடித்தளத்தில் ஆரம்பித்தார். ஐந்தாவது தளத்துக்கு வரும்போது வாத்தியார் குறட்டை விட்டார். எட்டாவது தளத்தில் வாத்தியாரம்மா தலைவலி என்று எழுந்து போனவள் திரும்பி வரவேயில்லை. அந்த வாத்தியார் மகனுக்கு இப்போது இரட்டைக் குழந்தைகள். மெர்லிக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது.

இந்த முறை மெர்லி உஷாராக இருந்தாள். தன்னோடு வங்கியில் வேலை பார்க்கும் ஜோவித்திடம், "அப்பா வெளிநாட்டுல இருந்தார்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஜோவித்தும் தன் அப்பாவைப் பற்றி, "ஆணிக்கடை வச்சிருக்கார்" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

சத்தியம் வாங்கியதும் ரோசெண்டா வீட்டைச் சுத்தப்படுத்த ஆரம்பித்தாள். கூடத்துச் சுவரில் இருந்த பெல்மீராவின் படம் அரிசி டிரம்முக்குள் போனது. படம் இருந்த இடம் மட்டும் வெளுத்துப் பளிச்சென்று தெரிந்ததால் அங்கே அரிசி ஆலைக்காரன் கொடுத்த காலண்டர் வந்தது. பித்தான் வைத்த வெள்ளைக் கோட்டு கட்டிலுக்கு அடியில் போனது. மிதவைச் சட்டையைப் பன்றிக் கொட்டகையில் மாட்டினாள்.

"என்னையும் அங்கேயே கட்டிப் போட்டுடேன்" என்றார் கிரிஸ்புலோ.

"யோசிச்சேன். பன்னி பாவம்னு விட்டுட்டேன்."

மூன்று மணிக்கு ஜீப்னி வண்டி வந்து நின்றது. முதலில் ஜோவித் இறங்கினான். அடுத்து அவன் அம்மா கொன்சிங், துணியில் முடிச்சுப் போட்ட, பன்சித் நூடுல்ஸ் நிறைந்த பெரிய தட்டோடு. பெண் கேட்டு வருகிறவர்கள் சோறு கொண்டு வருவார்கள். தேதி குறித்த பிறகு முடிச்சை அவிழ்த்து இரண்டு வீடும் சேர்ந்து சாப்பிடும். தேதி குறிக்கவில்லை என்றால் தட்டு வந்த வழியே போகும். அதனால் ரோசெண்டாவின் கண் அந்த முடிச்சிலேயே இருந்தது.

கடைசியாக இறங்கியவர் ஜோவித்தின் அப்பா தாடோ. ஒல்லியான, இறுகிய வாய்க்காரர். வாசலில் நின்று இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டு, சுவரோரமாக எதையோ தேடினார். பிறகு காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, படியே இல்லாத வாசலைத் தாண்டி உள்ளே வைத்தார்.

'நம்ம வீட்டுத் தரை அவருக்கு அழுக்கா இருக்கு போல' என்று கிரிஸ்புலோ நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தாடோ மேஜையைத் தொட்டுப் பார்த்தார். கைத்துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தன் தட்டுக்கு அடியில் விரித்து வைத்தார். கரண்டிகளை ஒரே கோட்டில் நேராக்கினார்.

"சம்பந்தி ரொம்ப அமைதியோ?" என்று ரோசெண்டா சிரிப்பை வரவழைத்துக் கேட்டாள்.

"அவருக்குத் தொண்டை சரியில்ல" என்றாள் கொன்சிங் சட்டென்று. பிறகு கிரிஸ்புலோ பக்கம் திரும்பினாள். "நீங்க வெளிநாட்டுல இருந்தீங்களாமே. எந்த நாடு?"

கிரிஸ்புலோவின் வாய் தானாகத் திறந்தது. எந்த நாடு என்றா கேட்கிறாள்? நாற்பது நாட்டுத் துறைமுகம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது. மேஜைக்கு அடியில் ரோசெண்டாவின் செருப்பு அவர் பாதத்தின் மேல் ஏறியது.

"வளைகுடா" என்றாள் ரோசெண்டா அவருக்குப் பதிலாக.

"அட! என் தங்கச்சி வீட்டுக்காரரும் அங்கதான் இருந்தார். எந்த ஊரு?"

கிரிஸ்புலோவுக்கு அங்கே ஒரு ஊரும் தெரியாது. "ஊரெல்லாம் பாக்கலீங்க. வெளிய விட மாட்டாங்க. எப்பவும் உள்ளயேதான்."

"உள்ளயேவா?"

"உள்ளயேதான்."

கொன்சிங் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். மெர்லி அவசரமாக எல்லோருக்கும் சர்பத் ஊற்றினாள். பேச வழியில்லாத கிரிஸ்புலோவின் கைகள் சும்மா இருக்கவில்லை. மேஜைமேல் இருந்த கைத்துண்டை எடுத்து மடித்தன, சுருட்டின, கழுத்தை வளைத்தன. பார்த்தால் ஒரு அன்னப்பறவை உட்கார்ந்திருந்தது.

"அடடே, அழகா இருக்கே! எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் கொன்சிங்.

ரோசெண்டாவின் செருப்பு மறுபடி ஏறியது.

"அது... உள்ள இருக்கும்போது கத்துக்கிட்டது. எல்லாருக்கும் சொல்லித் தருவாங்க."

கொன்சிங்கின் முகம் மாறியது. ஊர்ச் சிறைக் கைதிகள் பாசிமணியில் கூடை பின்னிச் சந்தையில் விற்பதை அவளும் பார்த்திருக்கிறாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தங்குற இடமெல்லாம் எப்படி?"

கிரிஸ்புலோவுக்கு இதில் பயமில்லை. கப்பல் என்ற சொல்லே இல்லாமல் இதற்குப் பதில் சொல்லலாம். சத்தியம் சத்தியமாகவே இருக்கும். அவருக்கு உற்சாகம் வந்தது.

"சின்ன ரூம்தான். நாலு பேரு. மேல ரெண்டு, கீழ ரெண்டு படுக்கணும். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு."

"ஜன்னலே கிடையாதா?"

"எதுக்கு? பகலா ராத்திரியான்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சங்கு ஊதினா எழுந்திருக்கணும். எல்லாரும் வரிசையில நின்னு நம்பர் சொல்லணும். ஒரு ஆளு குறைஞ்சாலும் விட மாட்டாங்க, தேடிக் கண்டுபிடிச்சுருவாங்க."

ஜோவித் சர்பத்தை விழுங்க மறந்தான். தாடோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் முகம் சிவந்து, தோள் குலுங்கியது. 'அருவருப்பு போல' என்று கிரிஸ்புலோ கலங்கிப் போனார். கலங்கியதால் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லிச் சரிக்கட்டப் பார்த்தார்.

"கஷ்டம்னு நினைக்காதீங்க. சாப்பாடு தாராளம். நம்ம ஊரு ஆளுங்களே நிறையப் பேரு. நம்ம ஒட்டோன் ஊர்லேர்ந்து மட்டும் ஏழு பேரு இருந்தோம்."

"ஏழு பேரா!" கொன்சிங் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "எத்தனை வருஷம் போட்டாங்க?"

"முதல்ல ஒன்பது மாசம்தான்."

"ஒன்பது மாசம்தானா? சரி, சின்ன விஷயமாத்தான் இருக்கும்" என்று கொன்சிங் மூச்சு விட்டாள். நல்ல மனசுக்காரி. "யாருக்கும் ஒரு தடவை தப்பு நடக்கிறதுதான். அதுக்கப்புறம் வீட்டோட இருந்துட்டீங்க, அதான் முக்கியம்."

"எங்க இருந்தேன்? ரெண்டு மாசம் இருந்து பாத்தேன். மனசு கேக்கல. திரும்பவும் போயிட்டேன்."

"திரும்பவுமா?"

"பதினாலு தடவை."

மெர்லி, "அப்பா..." என்றாள். அதில் அழுகை கலந்திருந்தது. கிரிஸ்புலோவின் காதில் அது ஏறவில்லை. அவர் கண் காலண்டருக்குப் பின்னால் இருந்த வெளுத்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆனா ஒண்ணு சொல்றேன்மா. எத்தனை இடம் போனாலும் முதல்ல போன இடம் மாதிரி வராது. அங்க அடிக்கிற வெள்ளைப் பூச்சு வாசனையே வேற. அங்கயே திரும்பப் போடுங்கன்னு ஆபீஸ்ல போய் அழுதேன். முடியாதுன்னுட்டாங்க. ஒரு நாள் அதை உடைச்சுப் போட்டுட்டாங்கன்னு சேதி வந்துச்சு. மூணு நாள் நான் சோறு திங்கல. இவளைக் கேளுங்க."

ரோசெண்டா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்கிற நிலையில் அவள் இல்லை.

தாடோ இப்போது கைக்குட்டையால் முகம் முழுக்கப் பொத்தியிருந்தார். அவரிடமிருந்து விசும்பல்போல ஏதோ சத்தம் வந்தது. கொன்சிங் அவரை முறைத்தாள். சத்தம் நின்றது.

பிறகு அவள் எழுந்தாள். பன்சித் தட்டை முடிச்சு அவிழாமல் கையில் எடுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. பொண்ணு தங்கம். ஆனா ஜெயிலை இவ்வளவு ஆசையாப் பேசற மனுஷர நான் பாத்ததில்ல. நாளைக்கு என் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்றேன்னு... வேணாம்மா. வா ஜோவித்."

"அம்மா, இரும்மா" என்றான் ஜோவித். தட்டு அதற்குள் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டது.

மெர்லி அழுதேவிட்டாள். கிரிஸ்புலோவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஜெயிலா? அவர் மெர்லியைப் பார்த்தார். அவள் பிறந்தபோது அவர் கடலில் இருந்தார். முதல் பல் விழுந்தபோதும் கடலில்தான். கன்னத்தில் ஓடிய கண்ணீரைத் துடைக்கக் கையில் அகப்பட்ட அன்னப்பறவையை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை யேசு எப்படியும் மன்னிப்பார். ரோசெண்டாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"ஜெயில் இல்லைம்மா!" என்று கத்தினார். "கப்பல்! சொகுசுக் கப்பல்! நான் அங்க ரூம் கூட்டிப் பெருக்கின ஆளு! பெல்மீரா! பன்னிரண்டு தளம், வெள்ளை வெளேர்னு, மஞ்சள் புகைபோக்கி! அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு வீட்ல சத்தியம் வாங்கிட்டாங்க! என்மேலதான் தப்பு. என் பொண்ணு என்ன பண்ணுவா? கல்யாணம் முடியட்டும், நான் ஊமையாவே இருந்துடறேன். பெல்மீரான்னு ஒண்ணு இருந்ததையே மறந்துடறேன்."

மறந்துவிடுகிறேன் என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. கொன்சிங் தட்டும் கையுமாக வாசலில் நின்றாள்.

தாடோ மெல்ல எழுந்தார். முகத்திலிருந்து துணியை எடுத்தார். கண்கள் கலங்கியிருந்தன. நேராக வந்து கிரிஸ்புலோவின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்று கிரிஸ்புலோ கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தார். தாடோவின் வாய் திறந்து மூடியது, மறுபடி திறந்து மூடியது. அவர் திரும்பி, வெளியே போக அனுமதி கேட்கிற பள்ளிப் பையன்போல மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கொன்சிங் பெருமூச்சு விட்டாள். திரும்பி வந்து மேஜைமேல் தட்டை வைத்து, துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

"தட்டுகளை எடுங்க சம்பந்தி, ராத்திரிச் சாப்பாடும் இங்கதான் போல. இந்த மனுஷரும் இருபது வருஷம் கப்பல்ல சோறு பரிமாறினவருதான். வாசல்ல கைக்கு மருந்து தேடினதும், காலைத் தூக்கி வச்சதும், தட்டு வழுக்காம ஈரத்துணி போட்டதும் அந்தப் பழக்கம்தான். அந்தப் பேச்சை எடுத்தா இந்தச் சம்பந்தமும் ஓடிடும்னு காலையில பைபிள் மேல சத்தியம் வாங்கித்தான் கூட்டிட்டு வந்தேன்!"