மைத்துனனுக்கு, கிட்டார் விஷயமாக

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது. இங்கு என் முழங்கால் நீங்கலாக யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருவன்தான். அங்கு எல்லாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற சுருக்கெழுத்தருக்கு இந்த வயதில் லீட் கிட்டார் எதற்கென்று போனில் சிரித்தாய். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரி. அதிகாரிகள் சொல்லச் சொல்ல முப்பத்திரண்டு வருஷம் நிற்காமல் எழுதிய கை, கிட்டாரிலும் நிற்காமல் ஓடியது. வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டு, "சார், இது வாசிப்பு இல்ல, டைப்பிங். நாலு சுரத்துல ஒரு கேள்வி கேளுங்க. கைய எடுத்துட்டு மூச்சு விடுங்க. அப்புறமா பதில வாசிங்க" என்றார். இடம் விட்டுப் பேசுகிற வழக்கம் எனக்கு உண்டா என்று உன் அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதையும் நான் முடிக்க விட்டிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் முன்னறையில் உட்கார்ந்து, நாலு சுரம் வாசித்து, கடைசிச் சுரத்தில் கம்பியைக் கொஞ்சம் வளைத்துக் கேள்வி மாதிரி நிறுத்தி, கையை எடுத்தேன். நான் வாசிக்குமுன் பதில் வந்துவிட்டது. என் இரண்டு கையும் முழங்கால்மேல். கம்பி தானாக அதிர்கிறது! ஓடாமல், பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்து, கேட்ட ஒலியைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டேன். படித்துப் பார்த்தால், "ஏங்க, அந்த..."

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உன் அக்கா இப்படித்தான் ஆரம்பித்தாள். "பேசாத, எனக்குத் தெரியும்" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. மன்னித்தாளோ, திட்ட வந்தாளோ, ஒன்றரை வருஷமாக மண்டையைக் குடைகிறது. அந்த மிச்ச வார்த்தையைக் கேட்காமல் போனால் என் கட்டை வேகாது.

இதில் கேவலம் என்னவென்றால், ஐந்து நாளாக "அந்த" வந்ததுமே ஆவல் தாங்காமல் நானே குறுக்கே வாசித்துவிடுகிறேன். செத்த பிறகும் பெண்டாட்டியைப் பேச விடாதவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாத்தியாரிடம் சொன்னேன். "இடைவெளி நல்லா வருது சார்" என்று பாராட்டிவிட்டு, இனி வகுப்பை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டினார். ஆகவே வருகிற சனிக்கிழமை நீ இங்கே வந்து, என் கைகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்னொரு தடவை, கேள்வியை வாசித்துவிட்டுக் கைகளின்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். முழுசாக வந்தது. "ஏங்க, அந்த ஜன்னலச் சாத்துங்களேன், குளிருது." அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, திட்டும் இல்லை. அழுதுவிட்டேன். எழுந்து பார்த்தால், இங்கே எல்லா ஜன்னலும் சாத்தித்தான் இருக்கின்றன. அப்படியானால் அவள் இன்னும் அந்த வார்டில்தான் படுத்திருக்கிறாள். நீ வீட்டுக்கு வராதே. நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. அந்த ஜன்னல் கொக்கி ரொம்ப இறுக்கம், எனக்குத் தனியாகச் சாத்த வராது.