நாலு மார்க்குக்கு அறுநூறு அடி

எதையாவது போன வாரம்தான் படித்து முடித்த ஆளின் பக்கத்தில் தயவுசெய்து உட்காராதீர்கள். நான் பசுமைக் கட்டடப் பரீட்சையில் பாஸான புதிதில் அப்படித்தான் இருந்தேன். ஒரு கட்டடம் தண்ணீரையும் கரண்டையும் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று மார்க் போட்டுச் சான்றிதழ் தருவார்கள்; அதற்கு ஆலோசனை சொல்லும் வேலை. வீட்டில் எந்த ரூமுக்குள் நுழைந்தாலும் மார்க் போட்டேன். சமையலறைக் குழாயில் நான் மாட்டிய சிக்கன மூடியால் அம்மாவுக்கு ஒரு குக்கர் கழுவவே கால் மணி நேரம் ஆனது. (பாத்ரூம் குழாயைப் பற்றி அப்பா சொன்னதை இங்கே எழுத முடியாது.)

எனக்குக் கிடைத்த முதல் கட்டடம், புதுச்சத்திரத்தில் என் மாமா கட்டிய ஆபீஸ். மாமாவுக்கு போர்வெல் ரிக் வண்டித் தொழில். "இது தேறலீனா திங்கக்கெழமயே பேங்க் கோச்சிங்ல சேர்ந்தரோணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். கைடு புத்தகம்கூட வாங்கி டிவி மேல் வைத்தாயிற்று. தினமும் அது என்னையே பார்த்தது.

கட்டடத்துக்கு மார்க் போட மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தின நாள் மாமாவுக்குப் போன் செய்தேன்.

"எல்லாஞ் செரியா இருக்குதுங் மாமா. தண்ணியிலதான் நாலு மார்க் பத்தல."

"தண்ணியிலயா? நம்மகிட்டயா?" குலத்துக்கே இழுக்கு வந்த குரல். "நீ உடு சாமி. நாம் பாத்துக்கறன்."

எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த குழாய் மூடிகளை ஒருவழியாக மாட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் சேலத்திலிருந்து மதிப்பீட்டாளர் அம்மாவைக் காரில் அழைத்து வந்தேன். வழி நெடுக என் பிரசங்கம்தான். "எங்க சைட்ல தூசியே கெடையாதுங் மேடம். கட்டும்போதே பச்சை வலை கட்டிட்டோம்" என்று நான் சொன்ன நேரம், தூரத்தில் வானம் வரை ஒரு வெள்ளைத் தூண் எழுந்தது.

"அது என்னங்க, தீப்பிடிச்சிருக்கா?"

"கோழித் தீவன மில்லுங் மேடம்" என்றேன் கூசாமல்.

கார் நேராக அந்தத் தூணை நோக்கித் திரும்பியது.

ஆபீஸ் வாசலில் மாமாவின் ரிக் வண்டி நின்று பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்ப்ரசர் லாரி அலறியது. வெயில் ஏறாமலிருக்க நான் வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொன்ன மொட்டைமாடி, சோலார் பலகை, நான் நட்ட பன்னிரண்டு வேப்பங்கன்று எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. ரிக்குக்குப் போட்ட மாலையும் எலுமிச்சம்பழமும் உட்பட. "நிறுத்துங்க!" என்று கத்தினேன், கேட்கவில்லை. உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினேன். ஆபரேட்டர் தலையாட்டிவிட்டு இன்னொரு ராடை இறக்கினார்.

தூசிப் புகைக்குள்ளிருந்து விபூதியில் குளித்தவர்போல் மாமா வெளிப்பட்டு, கம்ப்ரசரையும் மிஞ்சிக் கத்தினார்.

"வாங்க மேடம், வாங்க! ஏனுங்க, எத்தன அடிக்கு எத்தன மார்க்குங்க?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். வெள்ளை முகத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.

"என்னங்க?"

"புள்ள தண்ணியில மார்க் பத்தலன்னுச்சுங்க. அறுநூறு அடி தாண்டியாச்சு. பத்தாதுன்னா சொல்லுங்க, ஆயிரத்துக்கே போயரலாம். நம்ம வண்டிதானுங்களே!"

எனக்கு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது. (ஆறரை அங்குலம்தான் அகலம், அதற்கும் வழியில்லை.) மனக்கண்ணில் கைடு புத்தகம் தானாகவே முதல் பக்கத்தைத் திறந்தது.

அந்த அம்மா ஃபைலை ஊதித் திறந்தார். "நிலத்தடித் தண்ணியை எடுக்காம இருந்தாத்தாங்க மார்க்கு."

மாமா கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். ஊரே அமைதியானது.

"எடுக்கலீனா மார்க்கா?"

"ஆமாங்க."

மாமாவின் முகத்தில் தூசியைத் தாண்டி ஒரு பிரகாசம். "அப்பப் போட்டுருங்க மேடம்! சொட்டுத் தண்ணி வர்ல!"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஃபைல் கீழே விழுந்தது. சிரித்து முடித்துக் குழியை எட்டிப் பார்த்தார். மொட்டைமாடி மழைத் தண்ணீரை வடிகட்டி இதற்குள் விட்டால் அதற்கு மார்க் உண்டு என்றார். ஆனால் தூசிக்கான மார்க்கை மட்டும் என் கண்ணெதிரிலேயே அடித்துவிட்டார். "தீவன மில்லு" என்று ஓரத்தில் எழுதியதையும் பார்த்தேன்.

மழைக்குழாயும் வடிகட்டியும் போட்டோம். குழாய் மூடிகளை இந்தமுறை நானே ஸ்பேனரோடு போய் மாட்டினேன். இருப்பதிலேயே கடைசிப் படிச் சான்றிதழ் வந்தது. அதை மாமா மாலை போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பேங்க் கைடு எங்கள் வீட்டு டிவியின் ஆட்டம் நிற்க அடியில் போனது.

போன மாதம் இதே தொழிலில் அடுத்த நிலைப் பரீட்சை எழுதினேன். நாலு மார்க்கில் போய்விட்டது. அழுதுகொண்டு படுத்திருந்தபோது மாமாவிடமிருந்து போன்.

"நாலு மார்க்குதான? எந்திரி சாமி. வண்டி ஊர்லதான் நிக்குது."